ஜாஸ்மின் டீச்சர் பார்க்காத கிரகணங்கள்

சூரியன், சந்திரன், பூமி மூன்றும் பம்மலுக்கு வந்து ஜாஸ்மின் டீச்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்ட பிறகுதான் கிரகணம் பிடிக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. ராக்கெட் விடுகிறவர்களே சந்தேகம் வந்தால் தாம்பரம் வரை மின்சார ரயிலில் வந்து, ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய் அவளிடம் கேட்டுத் தெளிந்துவிட்டுத் திரும்புவதாகப் பேச்சு. ராகுவும் கேதுவும் அவளுடைய நாலாம் வகுப்பில் பெஞ்சு மேல் நின்ற பிள்ளைகள். இதையெல்லாம் சொல்வது அவளுக்கு வேண்டப்பட்டவர்கள்தான், மூன்றாம் மனிதர்கள் இல்லை. அதனால் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும்.

கழித்தது போக மிச்சம் இவ்வளவுதான். பம்மலில் ஒரு மிஷன் தொடக்கப் பள்ளியில் ஜாஸ்மின் நாலாம் வகுப்பு டீச்சர். நூலகச் சாவியும் அவள் இடுப்பில். கிரகணப் பாடம் நடத்த அவளை விட்டால் அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மற்ற வகுப்பு டீச்சர்களே அந்தப் பாடம் வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அவளிடம் அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் அவள் ஒரு கிரகணத்தைக்கூடத் தன் கண்ணால் பார்த்தது கிடையாது.

முதல் கிரகணம் அவளைத் தேடி வந்தபோது கிறிஸ்டி வயிற்றில் இருந்தாள். பொங்கலுக்கு மறுநாள், இரண்டாயிரத்துப் பத்து. நல்ல நண்பகலில் சூரியனைப் பிடிக்கப்போகிறது என்று டிவியில் முழங்கிக்கொண்டிருந்தார்கள். மாமியார் ரத்தினபாய் காலையிலேயே ஜன்னலைச் சாத்தி, அதற்கு மேல் போர்வையையும் கட்டிவிட்டாள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய் முதல் வரிசையில் உட்காருகிறவள்தான். கிரகணம் என்று வந்துவிட்டால் மட்டும் ஊரோடு சேர்ந்துகொள்வாள்.

"பைபிள்ல எங்க அத்தை போட்டிருக்கு, கிரகணத்துக்கு வெளிய வரக் கூடாதுன்னு?" என்று ஜாஸ்மின் கேட்டாள்.

"வரலாம்னு எங்க போட்டுருக்கு? அதைக் காட்டு, கதவத் தொறக்கறேன்."

ஜாஸ்மின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் புருஷன் ஜெர்சன் மறைமலை நகரில் ஒரு உதிரிபாக ஃபேக்டரியில் வெல்டர். அங்கிருந்து வெல்டிங் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அம்மாவை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. நேராகப் போய் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

"ஏங்க, ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சு."

"எப்படி இருக்கு?"

"இன்னா சொல்றது... அப்பளத்தை எலி கடிச்ச மாதிரி கீது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எலி இன்னும் கடிச்சிகினே கீது."

உள்ளே இருட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெர்சனுக்கு வர்ணிக்க வராது. வர்ணிக்கத் தெரிந்திருந்தால் அவன் ஏன் வெல்டிங் பிடிக்கிறான்? ஆனாலும் வெயில் மங்கிப் பழைய துணி மாதிரி ஆனதையும், வேப்பமரத்தடி நிழலில் வெளிச்சம் குட்டிக் குட்டிப் பிறைகளாக விழுந்ததையும், எதிர் வீட்டுக் கோழி கூடைக்குள் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றதையும் ஒன்று விடாமல் சொன்னான். வெயில் திரும்பும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் ஜன்னல் கட்டையைத் தட்டி, "அடுத்த கிரகணத்துக்கு உன் கையப் புடிச்சி இட்டாந்து காட்டல, எம்பேரு ஜெர்சன் இல்ல" என்றான்.

சொன்னபடி இட்டுக்கொண்டும் போனான். ஒன்பது வருஷம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. லீவு போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு பொழிச்சலூர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினான். அன்றைக்கு வானம் அவர்கள் தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. மூன்று பேரும் மிச்சமிருந்த கேக்கைத் தின்றுவிட்டு இறங்கினார்கள். "நான் லீவு போட்டது மேகத்துக்கு எப்டியோ தெரிஞ்சிடுச்சு. அடுத்தது பாத்துக்கலாம் வா" என்றான்.

கொரோனா இரண்டாவது அலை வந்த கோடையில் ஜெர்சன் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குள் விடவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு ஜிப் போட்ட பைதான் வந்தது. முகம் பார்க்கணும் என்று ஜாஸ்மின் கேட்டாள். கூடாது என்றார்கள். யார் சொன்னார்கள் என்றுகூட நினைவில்லை, எல்லோருமே முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த கிரகணங்களுக்கு ஜாஸ்மினிடம் விதவிதமான வேலைகள் இருந்தன. ஒரு தீபாவளிக்கு மறுநாள் சூரியன் மறையும் நேரத்தில் பிடித்தபோது, ஊறப்போட்ட துணி நாறிவிடும் என்று பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். போன செப்டம்பரில் நிலா முழுசாகச் சிவந்தபோது தலைவலி. கிறிஸ்டி மாடியிலிருந்து போன் அடித்தபோது எடுக்கவே இல்லை. மறுநாள் பார்த்தால் தலைவலி மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவனை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்ப் பார்ப்பதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை என்பது வேறு விஷயம். அதனால்தானோ என்னவோ, நூலகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு வருஷா வருஷம் தானே ஒரு கிரகணத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நூலகம் ஒரு காலத்தில் சத்துணவு அரிசி மூட்டை அடுக்கிய அறை. ஒரே ஒரு ஜன்னல். புத்தகத்தைப் பிரித்தால் இன்னும் சில சமயம் வண்டு விழும். ஜன்னலை அட்டையால் அடைத்துவிட்டால் பட்டப்பகலில் கும்மிருட்டு, கிரகணப் பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நடு மேஜைக்கு மேல் ஒயரில் தொங்கும் குண்டு பல்பு சூரியன். ஒரு பக்கம் சப்பிப்போன பிளாஸ்டிக் உருண்டை பூமி. குடைக் கம்பியில் குத்திய டென்னிஸ் பந்து நிலா.

இந்த வருஷப் பாடம் பிப்ரவரிக் கடைசியில் நடந்தது. மார்ச் மூன்றாம் தேதி சந்திர கிரகணம் என்று தினக் காலண்டரில் போட்டிருந்தது. நிலா உதிக்கும்போதே கிரகணத்தோடு உதிக்குமாம்.

"வீட்டுல கிரிக்கெட் ஓடுது. டிவிக்கும் உனக்கும் நடுவுல ஒருத்தர் வந்து நின்னா என்ன பண்ணுவ?" என்று ஆரம்பித்தாள் டீச்சர்.

"நவுருன்னு கத்துவோம் மிஸ்!"

"டிவிதான் சூரியன். நீதான் பூமி. நடுவுல வந்து நிக்கறது நிலா. அதான் சூரிய கிரகணம்."

"எங்க வூட்ல எப்பவும் எங்க மாமாதான் மிஸ் நிலா," என்றான் ஜேசன். முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசி வரிசை வேலைகளைச் செய்கிற பையன்.

"சரி, இப்போ நீ தரையில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதற. லைட்டு உனக்குப் பின்னாடி. உன் தலையோட நிழலே நோட்டு மேல விழுந்துடுச்சு. அப்போ?"

"எழுத்து தெரியாது மிஸ்."

"லைட்டு சூரியன். உன் தலை பூமி. நோட்டுதான் நிலா. இது சந்திர கிரகணம்."

வேதா என்ற பெண் கையைத் தூக்கினாள். எதையும் பாதியில் விடாத பெண். "அப்போ நிலா மேல விழறது நம்ம நிழலா மிஸ்? அதுல பம்மலும் இருக்குமா?"

"இருக்கும். பம்மல், பொழிச்சலூர், ஏரோப்ளேன், நீ, நான், எல்லாருமே அந்த நிழல்லதான் இருப்போம்."

டீச்சர் பந்தை மெதுவாக உருண்டையின் நிழலுக்குள் நகர்த்தினாள். பந்தின் ஓரம் கறுத்தது, பாதி கறுத்தது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. அப்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல் கிளம்பியது. தலையில் கறுப்புத் துப்பட்டாவும் வாயில் சிவப்பு ரிப்பனுமாக ஒரு உருவம் பாய்ந்து வந்து நிலாவைக் கவ்வப் பார்த்தது. நாலாம் வகுப்பே அலறியது. ஜேசன் பூமியைத் தட்டிவிட்டு மேஜைக்கடியில் போய்விட்டான்.

டீச்சர் பதறவில்லை. ஜன்னல் அட்டையை எடுத்துவிட்டு, உருவத்தின் காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"பயப்படாதீங்க பசங்களா. இது ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. எங்க வீட்டுச் சனியன்."

கிறிஸ்டிதான். போன வருஷம் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள். மறுபடி எழுதுவதற்காகத் தாம்பரத்தில் ஒரு டுடோரியலில் சேர்த்துவிட்டிருந்தாள் ஜாஸ்மின். அந்த டுடோரியலில் கிறிஸ்டியைப் பார்த்தவர்கள் குறைவு.

"டுடோரியல் போகலையாடி?"

"இன்னிக்கு லீவும்மா."

"யாருக்கு?"

"எனக்கு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பாடம் முடிந்த மாதிரிதான். ஆனால் வேதாவின் கை மட்டும் இறங்கவில்லை.

"மிஸ், நீங்க நெஜ கிரகணம் பாத்தீங்கல்ல, அது எப்டி மிஸ் இருந்துச்சு?"

எந்த வருஷமும் எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி. டீச்சர் பார்த்திருப்பாள் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஜாஸ்மின் குடைக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அப்பளம், எலி, கோழி எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அவை அவளுடையவை இல்லை, ஜெர்சன் பார்த்தவை.

"நான் பாத்ததில்லம்மா," என்றாள்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

யாரும் சிரிக்கவில்லை. ஜேசன் மேஜைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து டவுசர் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். "வுடுங்க மிஸ். நாங்க கீறோம்ல. நாங்க காட்றோம் உங்களுக்கு."

அன்று முதல் நாலாம் வகுப்புக்கு அதுவே வேலையாகிப் போனது. மிஸ்ஸுக்குக் கிரகணம் காட்டணும். மதியச் சாப்பாட்டு மணிக்கு ஒரு கூட்டமே தலைமையாசிரியர் கதிரேசன் சார் அறை வாசலில் போய் நின்றது. அவர் நல்ல மனுஷர், ஆனால் பயந்த மனுஷர்.

"கிரகணத்தன்னிக்கு சாயங்காலம் உங்களை மொட்டை மாடியில ஏத்தினா, உங்க வீட்டுல என்னைக் கீழ இறக்கிடுவாங்கப்பா."

"மிஸ் பாத்ததே இல்லியாம் சார்," என்றாள் வேதா.

கதிரேசன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெர்சனின் அடக்கத்துக்குத் தூரத்தில் நின்றவர்களில் அவரும் ஒருவர். "காலண்டர்ல நிலா எப்போ போட்டிருக்கு? ஆறேகாலா? ஆறரை வரைக்கும் இருக்கலாம். ஆறரை அடிச்சா அவ்வளவுதான், எல்லாரும் வீட்டுக்கு."

ஜாஸ்மினுக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிள்ளைகள் மறந்துவிடும், பிள்ளைகள்தானே. ஆனால் காலையில் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் யாரோ பெரிதாக ஒரு நிலாவை வரைந்து, பக்கத்தில் சேலை கட்டிய ஒரு குச்சி மனுஷியையும் நிறுத்தியிருந்தார்கள். அவள் அதை அழிக்காமல் மிச்சமிருந்த ஓரத்தில் கணக்குப் போட்டாள்.

மூன்றாம் தேதி வந்தது. வகுப்பில் பாதிப் பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட்டாகிவிட்டது, கோயில் நடை சாத்தியாகிவிட்டது, பிள்ளைகளை வெளியே விடமாட்டோம் என்று போனில் வந்தது. மீதிப் பேர் வந்தார்கள். கிரகணம் விடும்வரை எதுவும் தின்னக் கூடாது என்று சொல்லியனுப்பப்பட்ட வேதா பட்டினியோடு வந்திருந்தாள். ஜேசன் அவள் பங்குக்கும் சேர்த்து இரண்டு பன் தின்றுகொண்டிருந்தான். அழைத்துப்போக வந்த அம்மாக்கள் சிலர் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கீழே கேட் ஓரம் நின்றார்கள்.

மாடியில் கிழக்கே பார்த்து நின்றது நாலாம் வகுப்பு. வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள், செல்போன் டவர், அதற்கு அப்பால் விமான நிலையம், அதற்கும் அப்பால் திரிசூலம் மலை. முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. ஆறேகால் ஆனது. நிலாவைக் காணோம்.

"அதோ!" என்று கத்தினான் ஜேசன். எல்லோரும் கூச்சல் போட்டார்கள். நிலா நேராக அவர்களை நோக்கி வந்து, சக்கரத்தை நீட்டி, காதைக் கிழித்துக்கொண்டு தலைக்கு மேல் போனது. துபாயிலிருந்தோ எங்கிருந்தோ வந்த விமானம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு நிலா வந்தது, அதற்கு றெக்கையில் பச்சை விளக்கு. மூன்றாவது நிலாவுக்குப் பிள்ளைகள் கத்தவில்லை.

"இன்னா டீச்சர், நிலா லேட்டா?" என்றார் கதிரேசன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் ஜாஸ்மினுக்கு உறைத்தது. மலை. தினமும் கண்ணில் படுகிற மலை. விமானங்களுக்குப் பின்னால் படுதா மாதிரி நிற்கிற மலை. பார்த்துப் பார்த்துப் பழகி, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோன மலை. காலண்டரில் போட்ட நேரத்துக்குக் கடற்கரையில் நிற்கிறவனுக்கு நிலா உதித்திருக்கும். பம்மல்காரிக்கு அது இன்னும் திரிசூலத்துக்கு அந்தப் பக்கம். சூரியன், பூமி, நிலா மூன்றையும் வரிசையில் நிறுத்தத் தெரிந்தவள் நடுவில் நின்ற மலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே ஒவ்வொரு நிமிஷமும் கிரகணம் விலகிக்கொண்டிருக்கும். மலையைத் தாண்டி வரும்போது முழு நிலாதான் வரும்.

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறு ஒன்று. பாரம் இறக்கின மாதிரி உள்ளே ஏதோ இளகி உட்கார்ந்தது. துணி துவைப்பு, தலைவலி, இப்போது மலை. நல்ல பெரிய சாக்கு. யாரும் குறை சொல்ல முடியாது.

"ஆறரை டீச்சர்," என்றார் கதிரேசன் சார்.

"ஆமா சார். மலை மறைக்குது. பசங்களா, வாங்க இறங்கலாம். வேதா, ஜேசன், கையப் புடிச்சுட்டு வரிசையா வாங்க."

"மிஸ், காட்றோம்னு சொன்னோம்ல மிஸ்," என்றான் ஜேசன். குரல் உடைந்திருந்தது.

"பரவால்லடா. அடுத்தது பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவள் காதில் விழுந்தது. படிக்கட்டு வாசலில் கையை வைத்தபடி நின்றுவிட்டாள். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அவளைத் தாண்டி இறங்கத் தொடங்கினார்கள்.

"ஐயோ! வந்துடுச்சு! வந்துடுச்சு!"

குரல் மேலேயிருந்து வந்தது. மாடியின் கிழக்கு ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டி மேல் கிறிஸ்டி நின்றிருந்தாள். டுடோரியலுக்குப் போயிருக்க வேண்டியவள். எப்போது வந்தாள், எப்படி ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையை மலைப்பக்கம் வீசி வீசிக் காட்டினாள்.

"செகப்பா வருது! ஓடியாங்கடா!"

இறங்கின பிள்ளைகள் திரும்ப ஏறினார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு கைப்பிடிச் சுவருக்கு ஓடினார்கள். கேட் ஓரம் நின்ற அம்மாக்களில் இரண்டு பேர்கூட என்னமோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்கள்.

"எங்கக்கா? தெரியலயே?"

"டவருக்கு லெஃப்ட்ல பாருடா!"

"ஒண்ணும் இல்லக்கா."

"கண்ணத் தொடச்சிகினு பாரு. சோடாபுட்டி சாருக்கே தெரியுது, உனக்கு இன்னா?"

கதிரேசன் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "ஆமாம்ப்பா," என்றார், "லேசா ஒரு மாதிரி தெரியத்தான் செய்யுது."

அங்கே ஒரு மண்ணும் தெரியவில்லை. ஜாஸ்மினுக்கு அது நன்றாகத் தெரியும். பதினைந்து வருஷமாக அந்தத் தொண்டையிலிருந்து வந்த ஒவ்வொரு புளுகையும் கேட்டுத் தேறிய காது அவளுடையது. வழக்கமாக என்றால் ஒரே அதட்டலில் கீழே இறக்கியிருப்பாள். இப்போது வாயைத் திறக்கவில்லை. படிக்கட்டு வாசலிலிருந்து கையை எடுத்தாள்.

"அதோ பார்றா, ஏறுது ஏறுது! கொஞ்சம் இரு, மேகத்துல மறைஞ்சிடுச்சு! இரு, இரு, வருது!" தொட்டி மேல் புளுகு தொடர்ந்தது. மேகமே இல்லாத வானம் அது. விமானம் ஒன்று போனது. யாரோ ஒரு அம்மா, "இந்தப் பொண்ணுக்குக் கண்ணு ரொம்ப ஷார்ப்பு" என்றாள். ஆறரை எப்போதோ போய்விட்டது. கதிரேசன் சார் கைக்கடிகாரத்தை மறந்துவிட்டார்.

பிறகு மலையின் முதுகில் ஒரு இடம் வெளுத்தது. முதலில் யாரும் நம்பவில்லை. அந்த வெளுப்பு கெட்டிப்பட்டது. பாறை ஓரம் பற்றிக்கொண்ட மாதிரி ஆனது. வேதாதான் முதலில் பார்த்தாள். கத்தவில்லை. ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்து, கூட்டத்தை முழங்கையால் விலக்கி, சுவரண்டை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மிஸ், இங்க நில்லுங்க. இப்போ பாருங்க."

நிலா வந்தது. கீழ்ப்பக்கம் கொஞ்சம் இருட்டாக, மற்றதெல்லாம் மஞ்சளாக, பெரிதாக.

ஜாஸ்மின் முதலில் பார்க்கவில்லை. பிள்ளைகளின் தலைகளைத்தான் பார்த்தாள், எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணுகிறவளைப் போல. பிறகு கண்ணை மெதுவாக உயர்த்தினாள். பாதியில் நிறுத்தினாள். மறுபடி உயர்த்தினாள். நெற்றியில் வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கப் போன கை அப்படியே காதோரம் நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்ததைப் போலவே. கழுத்து எலும்புக்கு மேல் ஒரு நரம்பு துடித்தது. வேதா பிடிக்காத அந்த வலது கை கீழே இறங்கி, விரல்களை விரித்துக்கொண்டு காற்றில் எதையோ துழாவிவிட்டுத் திரும்பி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டது. பிறகு உதடு அசைய ஆரம்பித்தது. பாட்டு இல்லை, ஜெபமும் இல்லை. பக்கத்தில் நிற்கும் யாருக்கோ, ரொம்பப் பக்கத்தில், ஒரு ஜன்னல் கனத்துக்கு அப்பால் நிற்கும் யாருக்கோ, தெரிவதைத் தெரிகிறபடி சொல்கிற மாதிரி இருந்தது. அவன் கேள்வியும் கேட்டிருப்பான் போல. நடுவில் ஒருமுறை நிறுத்தி, தலையை ஆட்டி, சிரித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. ஜெர்சன் போனதிலிருந்து அந்த முகத்தில் மூடிக் கிடந்த ஏதோ ஒன்று, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டு வந்தது. ஜேசன் அவள் முந்தானையை இழுத்து, "காட்டிட்டோமா மிஸ்?" என்று கேட்டான். அவள் அவன் தலையில் கையை வைத்தாள். கண்ணை மட்டும் நிலாவிலிருந்து எடுக்கவில்லை.

கிரகணம் முழுசாக விட்டபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். வேதாவுக்கு யாரோ பன் கொடுத்தார்கள். கதிரேசன் சார் தான்தான் முதலில் பார்த்ததாக அம்மாக்களிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

வீட்டில் கிறிஸ்டி இந்தக் கதையை இதுவரைக்கும் போனில் தட்டி முடித்திருந்தபோது, முதுகுக்குப் பின்னால் மீன் குழம்பு வாசனை வந்து நின்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் போன் கையைவிட்டுப் போயிருந்தது. ஜாஸ்மின் கரண்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். எங்கேயும் சிரிக்கவில்லை, எங்கேயும் திட்டவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற முகம். கடைசி வரைக்கும் போய், கொஞ்சம் மேலே ஏறி வந்து, ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"கீழ்ப்பக்கம் இருட்டுன்னு எழுதியிருக்க."

"ஆமா. கீழதான இருந்துச்சு."

"மேலடி. மேல, இடது ஓரத்துல. கடைசி வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. அங்க நின்ன அத்தனை பசங்களும் சொல்லும்."

"அவசரத்துல மாத்தி அடிச்சிட்டம்மா. திருத்திக்கறேன், குடு."

ஜாஸ்மின் கொடுக்கவில்லை.

"நிலாவப் பத்தி ஒரே ஒரு வரி. அதுவும் தப்பு. என் மூஞ்சியப் பத்தி இவ்வளோ நீளத்துக்கு இருக்கு. நரம்பு துடிச்சதாம். எனக்கே தெரியாது." அவள் போனைத் தாழ்த்திவிட்டு மகளைப் பார்த்தாள். "ஊருக்கே வந்துடுச்சு வந்துடுச்சுன்னு கத்துன. நெஜமா வந்தப்போ நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லல்ல?"

கிறிஸ்டி எதற்கும் பதில் வைத்திருப்பாள். டுடோரியல் சாரிடம், கண்டக்டரிடம், போலீஸிடம்கூட. அன்றைக்கு மட்டும் கால் கட்டை விரலால் தரையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் நிலாவப் பாத்தா, உன்ன யாரு பாக்கறது?" என்றாள் கடைசியில், தரையிடம்.

அடுப்பில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஜாஸ்மின் போனை மகள் கையில் திணித்தாள்.

"கீழ்ப்பக்கம்னே இருக்கட்டும். திருத்தாத," என்றாள்.